ஹட்டன் ஆபீஸுக்கு எது சரி: பாவிச்ச 16 கோர் ஜியோனா, புது 6 கோர் எபிக்கா?

ஹட்டன்_செக்ரோல்:

வணக்கம். ஹட்டன் டவுன்ல சின்ன ஆபீஸ் ஒண்ணு நடத்துறோம். சுத்துவட்டாரத் தனியார் தோட்டங்கள் சிலதுக்கும், கொழுந்து சேர்த்து ஃபெக்டரிக்கு அனுப்புறவங்க சிலருக்கும் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) பார்த்து, சம்பளச் சீட்டு அடிச்சுக் குடுக்கிறதுதான் வேலை. அஞ்சு கம்ப்யூட்டர் இருக்கு. அதுல ஒண்ணு சேர்வர். பேருக்குத்தான் சேர்வர், ஆள் பழைய டெஸ்க்டாப்: ஐ5-4570 ப்ரோசசர், 8 ஜிபி ரேம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். டேட்டாபேஸுக்கு எஸ்கியூஎல் சர்வர் 2019 எக்ஸ்பிரஸ் ஓடுது. சம்பள சாப்ட்வேர் கொழும்புல ஒருத்தர் எழுதிக் குடுத்தது.

சாதாரண நாள்ல ஒரு குறையும் இல்ல. மாசம் முடிஞ்சு 'சம்பளம் போடு' பட்டனை அமுக்கினாத்தான் கூத்து. பேர் (ஒரு நாள் வேலை), அரைப்பேர், மேலதிக கிலோ, கைக்காசு, ஈபிஎஃப் 8 வீதம், கம்பனி பங்கு 12 வீதம், ஈடிஎஃப் 3 வீதம், கடன், தீபாவளி முற்பணம்னு ஆளாளுக்குக் கழிச்சுக் கூட்டி முடிக்க விடிஞ்சிடும். கரண்ட் எடுக்கிற காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் கூப்பிடு தூரத்துலதான், ஆனா மழைக்காலத்துல நமக்குத்தான் முதல்ல கரண்ட் போகும். போனா மறுபடி தொடக்கத்துல இருந்து. 10ஆம் திகதி சம்பளம் குடுத்தாகணும், அதுக்கு மேல ஒரு நாள் தள்ளினாலும் தோட்டத்துல பேச்சு வாங்குறது நாங்க.

இப்ப கொழும்புல பாவிச்ச சாமான் விக்கிற கடையில ரேக் சேர்வர் ஒண்ணு கிடக்கு. இன்டெல்லோட ஜியோன் ஈ5-2670 ப்ரோசசர் ரெண்டு, மொத்தம் 16 கோர் (கணக்குப் போடுற தனித்தனிப் பகுதி), 32 த்ரெட், 128 ஜிபி ரேம். இன்னொரு பக்கம், ஏஎம்டியோட புது எபிக் 4244பி (6 கோர்), 32 ஜிபி ரேம் போட்டு அசெம்பிள் பண்ணித் தர ஒருத்தர் விலை சொல்லியிருக்கார். பழசு அந்த விலையில மூணுல ஒரு பங்குகூட இல்ல. முதலாளி கேட்கிறார்: "பதினாறு பெருசா, ஆறு பெருசா?" நான் என்ன சொல்ல?

பதுளை_லேப்:

யோசிக்கவே வேணாம் அண்ணே, பழசை அள்ளிக்கிட்டு வாங்க. இதே ஈ5-2670 ரெண்டு போட்ட மெஷின் எங்க வீட்டு ஸ்டோர் ரூம்ல ஓடுது. ஒரே மெஷினைப் பலதாப் பிரிக்கிற ப்ரொக்ஸ்மொக்ஸ் போட்டு, ஏ/எல் ஐசிடி படிக்கிற பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் பிரிச்சுக் குடுத்திருக்கேன். சளைக்காம ஓடுது. 128 ஜிபி டிடிஆர்5 ரேம் இன்னைக்குப் புதுசா வாங்கப் போனா, அந்த ரேம் விலையே முழுச் சேர்வர் விலையைத் தாண்டும். சத்தம்தான் கொஞ்சம் கூட. அம்மா கதவைச் சாத்திட்டுத்தான் டிவி பாக்குறாங்க.

அப்புத்தளை_நைட்ஷிப்ட்:

ஹட்டன் தம்பி, அந்தச் சேர்வரை எடுத்தீங்கன்னா சம்பளக் கணக்கு இப்ப ஓடுறதை விட மெதுவா ஓடக்கூட வாய்ப்பு இருக்கு. பதுளைத் தம்பி சொல்றது அவர் வேலைக்குச் சரி. உங்க வேலை வேற.

நீங்க எழுதினதுலயே முக்கியமான சொல் 'எக்ஸ்பிரஸ்'. மைக்ரோசொஃப்ட் அதை இலவசமாக் குடுத்தாலும் கையைக் கட்டித்தான் குடுத்திருக்கு. 2019 எக்ஸ்பிரஸ் ஒரு சாக்கெட் (ஒரு ப்ரோசசர் உக்கார்ற இடம்) அல்லது நாலு கோர், ரெண்டுல எது குறைவோ அதை மட்டும்தான் பாவிக்கும். டேட்டாவை நினைவுல வெச்சிருக்க எடுக்கிற ரேம் 1410 எம்பி. ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல வளராது. அப்ப 16 கோர்ல 12 கோர் இந்த வேலைக்குக் கிடையவே கிடையாது. ரெண்டாவது ப்ரோசசரை எக்ஸ்பிரஸ் திரும்பிக்கூடப் பார்க்காது. 128 ஜிபில பெரும்பகுதி சும்மா கிடக்கும். மிச்சம் நாலு கோர். உங்க ஐ5லயும் நாலு கோர்தான் இருக்கு.

சரி, நாலுக்கு நாலு, எது வேகம்? ஈ5-2670 வந்தது 2012 மார்ச்ல. சாண்டி பிரிட்ஜ் தலைமுறை, 32 நானோமீட்டர். அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், ஒரே கோர் மட்டும் வேலை செஞ்சா 3.3 வரை ஏறும். உங்க ஐ5-4570 அதுக்கு அடுத்த வருஷம், 2013ல வந்த ஹாஸ்வெல், 22 நானோமீட்டர், 3.2ல தொடங்கி 3.6 வரை போகும். வேகமும் கூட, ஒரு கடிகாரத் துடிப்புக்குள்ள செய்யிற வேலையும் கூட. ஜியோன்னு பேர் ஒட்டியிருந்தா எல்லா டெஸ்க்டாப்பையும் மிஞ்சிடும்னு நம்புற ஆட்களைக் கொழும்புல நிறையப் பார்த்திருக்கேன். சேர்வர் ப்ரோசசர் செஞ்சதே நிறைய வேலையை ஒரே நேரத்துல பிரிச்சு எடுக்கத்தான். ஒரே வேலையைச் சீக்கிரம் முடிக்கிறது அதோட முதல் குறி இல்ல.

உங்க சாப்ட்வேர் ஆளாளா எடுத்து ஒருத்தர் கணக்கை முடிச்சுட்டுத்தான் அடுத்தவரைத் தொடுதுன்னு நினைக்கிறேன். இந்த மாதிரி எழுதின சாப்ட்வேர் பெரும்பாலும் அப்படித்தான். கொழுந்து நிறுக்கிற மடுவத்துல பதினாறு தராசு தொங்கினாலும், பேர் எழுதுற கணக்கப்பிள்ளை ஒருத்தர்தான்னா கொழுந்து வரிசை நகராது.

புது 4244பி விஷயத்துக்கு வர்றேன். எபிக் 4004 வரிசை 2024 மே மாசம் வந்தது. ஜென் 4 கோர், 5 நானோமீட்டர், 3.8 அடிப்படை, 5.1 வரை ஏறும். வேகத்தை மட்டும் வகுத்துப் பார்த்தா 3.3க்கு 5.1, ஒன்றரை மடங்குதான் வரும். ஆனா பன்னிரண்டு வருஷ இடைவெளியில கோருக்கு உள்ள நடந்த மாற்றம் அதுக்கு மேல. கேஷ் (கோருக்குப் பக்கத்துலயே இருக்கிற சின்ன நினைவு) பெருசாச்சு, அடுத்து எந்தப் பக்கம் திரும்பணும்னு முன்கூட்டியே கணிக்கிற பகுதி நல்லாச் செதுக்கப்பட்டுச்சு, ஒரே துடிப்புல முடிக்கிற கட்டளை கூடிச்சு. ஏஎம்டி தன்னோட கணக்குப்படி ஜென் 3ல 19 வீதம், ஜென் 4ல இன்னும் 13 வீதம்னு சொன்னது இந்தத் துடிப்புக்கான வேலையைத்தான். எல்லாம் சேர்ந்து ஒரு கோருக்கு ஒரு கோர் வெச்சா, 2670ஐ விட ரெண்டு மடங்குக்கு மேல. அதனாலதான் பொதுச் சோதனைகள்ல இந்த ஆறு கோர், அந்தப் பதினாறு கோரையும் சேர்த்தே தாண்டிடுது. முதலாளிக்கு அதைச் சொல்லுங்க: வேற வேற வருஷத்துக் கோரை எண்ணிக்கையால ஒப்பிட முடியாது.

பழசுக்கும் ஒரு வாய்ப்புக் குடுப்போம். 2670 ஒண்ணுக்கு நாலு ரேம் வழி, டிடிஆர்3-1600ல செக்கனுக்கு 51.2 ஜிபி. ரெண்டுக்கும் சேர்த்து 102 சொச்சம். 4244பிக்கு ரெண்டே வழி, டிடிஆர்5-5200ல 83.2. ரேம் அகலத்துல பழசுதான் முன்னால. எவ்வளவு ரேம் வரை போடலாம்ங்கிறதுலயும் அப்படியே, 4004 வரிசை 192 ஜிபியோட நின்னுடும். பதுளைத் தம்பிக்குப் பழசு தித்திக்கிறது இதனாலதான். அவருக்கு நிறையப் பேர் ஆளுக்குக் கொஞ்சம் ரேம் கேட்கிறாங்க. உங்களுக்கு அப்படி ஒரு தேவையே இல்ல.

இன்னொண்ணு, ஸ்பெக்டர், மெல்ட்டவுன்ங்கிற ப்ரோசசர் பாதுகாப்பு ஓட்டைகள் 2018 ஜனவரியில வெளியே வந்தப்ப நான் ராத்திரி ஷிஃப்ட்ல இருந்தேன். அடைப்புப் போட்டதும் பழைய தலைமுறைகள்ல டேட்டாபேஸ் சேர்வர்தான் முதல்ல முனகிச்சு. டிஸ்க்கையும் நெட்வேர்க்கையும் அடிக்கடி தொடுற வேலைக்கு அந்த அடைப்புச் செலவு கூட. ஹாஸ்வெல்லும் அதுக்கு முந்தினதும் கூடுதலா அடி வாங்கும்னு மைக்ரோசொஃப்ட்டே எழுதிச்சு. உங்க ஐ5க்கும் அந்த அடி உண்டு, 2670க்கு இன்னும் கொஞ்சம் கூட.

கரண்ட்: 2670 ஒண்ணு 115 வாட் வகுப்பு, ரெண்டு சேர்ந்தா 230. 4244பி 65. அந்த ரேக் மெஷின் விசிறி, ரேம் எல்லாம் சேர்த்து சும்மா நிக்கும்போதே நூறு வாட்டுக்கு மேல இழுக்கும். வித்தியாசம் 100 வாட்னு வெச்சா நாளுக்கு 2.4 யூனிட், மாசத்துக்கு 72 யூனிட். உங்க மின்சார சபை பில்லை எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்க. பெரிய டேட்டா சென்டர்கள் இந்த மெஷின்களைக் கழிச்சு விட்டதும் இந்தக் கணக்காலதான், ஓடாமப் போனதால இல்ல. 2022 கடைசியில வந்த எபிக் 9654ல ஒரே சாக்கெட்ல 96 கோர், 360 வாட். அதே 96 கோருக்கு 2670 பன்னிரண்டு வேணும், அதுக்கு 1380 வாட். வேகத்தையும் சேர்த்தா பன்னிரண்டும் பத்தாது. கழிச்சது இங்க வந்து மலிவா விக்குது.

இதெல்லாம் சொல்லிட்டேன்னு நாளைக்கே புதுசுக்கு ஓடர் போட்டுடாதீங்க. பேக்கப்பை வேற பேர்ல ரீஸ்டோர் பண்ணி, சம்பளத்தை ஒருக்கா ஓட விட்டு, ரிசோர்ஸ் மொனிட்டரைத் திறந்து வெச்சுப் பாருங்க. ஒரு கோர் முழுசா நிறைஞ்சிருக்கா, இல்ல டிஸ்க் நிறைஞ்சிருக்கா? அதைப் பார்க்காம ப்ரோசசர் பத்திப் பேசுறது வீண்.

ஹட்டன்_செக்ரோல்:

அக்கா, சனிக்கிழமை ஆபீஸ் மூடின பிறகு நீங்க சொன்ன மாதிரியே ஓட விட்டேன். ப்ரோசசர் கால்வாசிக்குக்கூட வரல. எந்தக் கோரும் நிறையல. டிஸ்க்தான் தொடக்கத்துல இருந்து கடைசி வரை நூறு வீதத்துல நின்னுச்சு. கியூ இறங்கவே இல்ல. லொக் ஃபைல்ல எழுதுறதுதான் மேல மேல வருது.

அப்ப ப்ரோசசருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?

அப்புத்தளை_நைட்ஷிப்ட்:

இப்போதைக்கு இல்ல. காரணத்தைச் சொல்றேன், கொழும்பு சாப்ட்வேர்காரரிட்டப் பேச உதவும்.

ஒரு மாற்றத்தை 'முடிஞ்சது'ன்னு எஸ்கியூஎல் சர்வர் சொல்றதுக்கு முன்ன, அதை லொக் ஃபைல்ல எழுதி, டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு பார்த்துட்டுத்தான் சொல்லும். கரண்ட் போனாலும் கணக்கு குழம்பாம இருக்க அந்த ஏற்பாடு. உங்க ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுத்துதுன்னா செக்கனுக்கு 120 சுத்து. ஒரு சுத்துக்கு 8.3 மில்லி செக்கன். எழுத வேண்டிய இடம் ஊசிக்குக் கீழ வர்ற வரை காத்திருக்கணும். ஒருத்தரோட சம்பளத்துல பேர் ஒரு வரி, ஈபிஎஃப் ஒரு வரி, கடன் ஒரு வரின்னு ஒவ்வொண்ணையும் தனித்தனியா முடிச்சு வெச்சா, செக்கனுக்கு நூறு சொச்சத்துக்கு மேல எந்த ப்ரோசசராலயும் போக முடியாது. 96 கோர் எபிக்கைக் கொண்டாந்து வெச்சாலும் அந்தத் தட்டு சுத்துற வேகம்தான்.

ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் செய்யுங்க. ஒண்ணு, சுத்துற தட்டே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க். இன்னொண்ணு, சாப்ட்வேர்காரரிட்ட தோட்டத்துல ஒரு டிவிஷன் ஆட்களை ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள்ள (எல்லாம் சேர்ந்து ஒரே தடவையில முடியிற மாதிரி) போட்டு முடிக்கச் சொல்லுங்க. அப்ப நடுவுல கரண்ட் போனாலும் முடிஞ்ச டிவிஷன் முடிஞ்சதுதான், விட்ட டிவிஷன்ல இருந்து தொடரலாம். எங்க வரை முடிஞ்சதுன்னு ஒரு டேபிள்ல அவர் எழுதி வெக்கணும், அவ்வளவுதான். அவருக்கு அது பெரிய வேலை இல்ல. பெரிய வேலைன்னு சொன்னார்னா, வேற ஆள் பாருங்க.

நுவரெலியா_ஹோட்டல்ஐடி:

நடுவுல நுழையிறதுக்கு மன்னிக்கணும். மலையில சேர்வர் வெக்கிறவங்க கேட்கிற ஒரு விஷயத்தைச் சொல்லிடுறேன். "இங்க குளிர்தானே, ஏசி வேணாம், பழைய சூட்டு மெஷினே போதும்"னு பலர் நினைக்கிறாங்க. ஏசி வேணாம்ங்கிறது உண்மை. உயரத்துல காத்து அடர்த்தி குறைவு, அதனால 900 மீட்டருக்கு மேல ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தாங்குற வெப்பத்துல ஒரு பாகை கழிக்கச் சொல்வாங்க. நுவரெலியா 1868 மீட்டர், மூணு பாகை போகும். 35 தாங்குற மெஷின் 32 தாங்கும். இங்க ஏப்ரல் சீசன்லகூட அறை அந்தப் பக்கம் போகாது.

தொல்லை ஈரம். ராத்திரி அணைச்சு வெச்ச மெஷின் குளிர்ந்து கிடக்கும். காலையில ஆட்கள் வந்து, கெட்டில் கொதிச்சு, அறை சூடேறினா அந்த ஈரம் குளிர்ந்த போர்டுல படியும். ஓடிக்கிட்டே இருக்கிற மெஷின் தன் சூட்டுல தப்பிச்சுக்கும். ஆனா 24 மணி நேரமும் ஓடணும்னா அக்கா சொன்ன யூனிட் கணக்கு இன்னும் கடுமையாகுது. அதனால மலையில குறைஞ்ச வாட் மெஷின்தான் நல்லது.

யூபிஎஸ்ஸையும் பாருங்க. ஆபீஸ்கள்ல இருக்கிற 650 விஏ யூபிஎஸ் 400 வாட்டுக்கு உள்ளதான் தாங்கும். ரெண்டு ஜியோன் போட்ட அந்த மெஷின் முழு வேலையில இருக்கும்போது கரண்ட் போனா, யூபிஎஸ்ஸும் சேர்ந்தே விழுந்துடலாம். உங்க ஐ5 ஆனா அதே யூபிஎஸ்ல ஒழுங்கா அணைக்கிறதுக்கு நேரம் கிடைக்கும். ஏப்ரல்லயும் ஒக்டோபர்லயும் மத்தியானத்துக்கு மேல இடி இறங்கும், ரவுட்டரையும் யூபிஎஸ் வழியாவே குடுங்க, எர்த் இருக்கான்னு ஒயர்மேனை வெச்சுப் பாருங்க.

பதுளை_லேப்:

அக்கா, எக்ஸ்பிரஸ் கட்டுப்பாடு என் தலையில ஏறல, நான் விண்டோஸ் பக்கமே போறதில்ல. ஆனா பழசு வாங்குற ஆட்களுக்கு ஒரு வார்த்தை: 2670ஐ விட்டுட்டு ஈ5-2680 வி4 தேடுங்க. 2016, 14 நானோமீட்டர், 14 கோர், 120 வாட், டிடிஆர்4. முக்கியமா அதுல ஏவிஎக்ஸ்2ங்கிற கட்டளைத் தொகுதி இருக்கு. ரெட் ஹாட் லினக்ஸ் 10 இப்ப அதைக் கட்டாயமாக் கேட்குது, 2670ல அது ஏறாது. அல்மாலினக்ஸ் 10 மட்டும் பழசுகளுக்குன்னு தனியா ஒரு பதிப்பு விடுது, நான் அதுலதான் காலத்தை ஓட்டுறேன். என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டில இருந்து பூட் ஆகுறதும் அந்தக் காலத்து மெஷின்ல தலைவலி.

ஹட்டன் அண்ணே, நீங்க எடுக்கலன்னா கடை எதுன்னு எனக்கு மெசேஜ் பண்ணுங்க. ரேமுக்காகவே நான் எடுத்துக்கிறேன்.

ஹட்டன்_செக்ரோல்:

தம்பிக்கு மெசேஜ் போட்டுட்டேன். முதலாளியிட்ட எஸ்எஸ்டிக்குச் சம்மதம் வாங்கியாச்சு. அவருக்கு முகமே மலர்ந்துடுச்சு, சேர்வர் காசு மிச்சம்னு. அக்கா, சும்மா கடையில விக்கிற எஸ்எஸ்டி போதுமா? அப்புறம், புதுசு எப்பவாவது வாங்கத்தான் வேணுமா, இல்ல ஐ5 போதுமா?

அப்புத்தளை_நைட்ஷிப்ட்:

கரண்ட் போற ஊர்ல டேட்டாபேஸுக்கு, உள்ள கெபாசிட்டர் வெச்ச எஸ்எஸ்டியாப் பாருங்க. கரண்ட் போன கணத்துல கையில இருக்கிறதை எழுதி முடிக்க அந்தக் கெபாசிட்டர் உதவும். சேர்வர் வகை எஸ்எஸ்டிகள்ல இருக்கும், சாதா வகையில பெரும்பாலும் இருக்காது. விலை கூட. கொள்ளளவைக் குறைச்சு அதை வாங்குங்க. உங்க டேட்டாபேஸ் எப்படியும் 10 ஜிபிக்கு மேல போகாது, 480 ஜிபியே தாராளம். ஐ5-4570க்கு சாட்டா வகை போதும்.

புதுசு வேணும், ஆனா வேகத்துக்காக இல்ல. அந்த ஐ5 போர்டுல ஈசிசி ரேம் (பிழையைத் தானே கண்டு திருத்துற வகை) இல்ல, போர்டுக்கும் வயசாச்சு, செத்தா மாற்றுப் போர்டு தேடி அலையணும். சம்பளக் கணக்கு அதுல நிக்கக் கூடாது. தீபாவளி முற்பண வேலை ஓய்ஞ்ச பிறகு 4244பி எடுங்க. ஈசிசி உள்ள ரேம்னு எழுதி வாங்குங்க. அது எடுக்கிறது யுடிம் வகை, பழைய சேர்வர்ல கழட்டின ரேம் அதுல ஏறாது. நாலு கோர் 4124பியும் இருக்கு, எக்ஸ்பிரஸுக்கு அதுவே போதும். விலை வித்தியாசத்தைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. விண்டோஸ் சர்வர் லைசன்ஸ்ல கோர் குறைஞ்சா காசு குறையும்னு கணக்குப் போடாதீங்க, ஒரு மெஷினுக்குக் குறைஞ்சது 16 கோருக்கு வாங்கித்தான் ஆகணும், ஆறானாலும் நாலானாலும்.

எஸ்எஸ்டி மாத்துற அன்னைக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிச்சுடாதீங்க. 10ஆம் திகதி சம்பளம் குடுத்து முடியிற வரை அப்படியே லேபல் ஒட்டி அலமாரியில வைங்க.